கோரமங்களாவுக்கு மாற ஏழு காரணங்கள், அடுகோடியிலேயே இருக்க ஒரு காரணம்

பெங்களூரில் பொட்டி தட்டுகிற ஒரு தமிழனைப் பார்த்து "வீடு எங்கே?" என்று கேளுங்கள். வரும் பதிலை வைத்தே அவன் சம்பளம், வீட்டுக் கடன், மாமனார் வீட்டு வசதி எல்லாவற்றையும் ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிடலாம். ஒயிட்ஃபீல்டில் வில்லா என்றால் "அடேயப்பா". கோரமங்களா மூணாவது பிளாக் என்றால் எழுந்து நின்று கும்பிட வேண்டியதுதான். அடுகோடி என்றால் மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, "ஓ, ஃபோரம் பக்கமா?" என்பார்கள்.

ஆமாம் சாமி, ஃபோரம் பக்கம்தான். 2004-ல் அந்த மாலைத் திறந்தார்கள். அதே வருடம்தான் நானும் கோவில்பட்டியிலிருந்து ஒரு சூட்கேஸும் ரெண்டு கிலோ கடலைமிட்டாயுமாக இங்கே வந்து இறங்கினேன். மால் நிற்பது ஒசூர் ரோட்டில், அடுகோடியை ஒட்டி. பின்னாளில் கைமாறிப் பெயர் மாறியபோது என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நெக்சஸ் கோரமங்களா. கட்டடத்துக்கே அடுகோடி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. மனுஷனுக்கு இருக்காதா?

அடுகோடி 560030, கோரமங்களா 560034. நாலு நம்பர் வித்தியாசம், நடக்கிற தூரம், ஒரே பி.டி.எம். லேஅவுட் சட்டமன்றத் தொகுதி. ஆனால் வாடகையைக் கேட்டால் வேறு நாடு போல இருக்கும். பொண்ணு இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. "பத்தாவது வர்றதுக்குள்ள மாறணும்ங்க, அப்புறம் மாற முடியாது" என்று தங்கமணி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் டேமேஜர் முதல் பக்கத்து சீட்டுக்காரர் வரை எல்லோரும் அவர் கட்சி. சரி, அவர்கள் சொல்கிற காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நியாயமாகவே பார்ப்போம்.

1. நடைபாதை, மரம், பூங்கா

இதில் கோரமங்களாதான் ஜெயிக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏன் ஜெயிக்கிறது என்று யோசிக்க வேண்டும். கோரமங்களா தானாக முளைத்த ஊர் இல்லை. 1976-ல் அமைந்த பி.டி.ஏ., அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம், அளந்து கோடு போட்டு உருவாக்கிய லேஅவுட். 80 அடி ரோடு, பிளாக்குக்குப் பூங்கா, மனைக்கு அளவு எல்லாம் காகிதத்தில் முதலில் வந்து, வீடு அப்புறம் வந்தது. அடுகோடியில் வீடு முதலில் வந்து, ரோடு மிச்சமிருந்த இடத்தில் வந்தது.

அடுகோடியில் பச்சையே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 1923-ல் இங்கே ஆரம்பித்த இம்பீரியல் கால்நடை, பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இன்று தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டலக் கிளையாக இருக்கிறது. 1927-ல் காந்தி வந்து மாடு வளர்ப்புப் பாடம் படித்துவிட்டுப் போன இடம். 1955-ல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போய்விட்டது, வளாகம் மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பாஷ் கம்பெனி. 2008-க்கு முன்னால் மைகோ. பழைய ஆட்கள் இன்னும் மைகோ என்றுதான் சொல்கிறார்கள். தொழிற்சாலை வேலைகள் பிடதிக்குப் போக, அந்த 76 ஏக்கர் 2022-ல் ஸ்மார்ட் கேம்பஸ் ஆகிவிட்டது. இடமும் மரமும் இருக்கிறது மக்களே, மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே நமக்கு மதில்தான் கிடைக்கிறது.

2. பத்திரம்

வாடகைக்கு இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். வாங்கப் போகிறவர்கள் நின்று படிக்கவும். பி.டி.ஏ. ஒதுக்கிய மனைக்கு மூலப்பத்திரம் ஒரே கோடாக வரும். கேள்வி கேட்காமல் பேங்க் கடன் கொடுக்கும். பழைய பேட்டைகளில் அப்படி இல்லை. தாத்தா காலத்து மனை, நாலு பங்காளி, ஒருத்தர் துபாயில், ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கோலாரில். கதா ஏ-யா பி-யா என்று பார்ப்பதற்குள் வயசாகிவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் லீஸ் வீடு அதிகம். நம்மூர் ஒத்தி மாதிரி மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ரெண்டு மூணு வருடம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாங்குவதானால் இந்தக் காரணம் உண்மையான காரணம். ஒத்துக்கொள்கிறேன்.

3. தண்ணீர்

கோவில்பட்டிக்காரனிடம் தண்ணீர் பற்றிப் பேசக்கூடாது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வீடு பார்க்கும்போது நான் மார்பிள் தரையைப் பார்ப்பதில்லை, குழாயைத் திறந்து பார்ப்பேன்.

இந்த ஊருக்குக் காவிரி சும்மா வரவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்பு போட்டு ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றிய தண்ணீர் பழைய பேட்டைகளுக்குத்தான் முதலில் வந்தது. அடுகோடிக்கும் வருகிறது, கோரமங்களாவுக்கும் வருகிறது. 2007-ல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கும் வரை போர்வெல்லும் டேங்கரும்தான் பெரும்பாலும் கதி. 2024 மார்ச்சில் என்ன ஆனது என்று ஞாபகம் இருக்கும். ஆயிரக்கணக்கான போர்வெல் வற்றிப்போய், டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். நீச்சல் குளம் வைத்த அபார்ட்மெண்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை.

இது தண்ணீர் இல்லாத கதை. தண்ணீர் அதிகமான கதையும் உண்டு. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் சர்ஜாபூர் ரோட்டு ரெயின்போ டிரைவ், எமலூர் எப்சிலான் போன்ற வில்லா காலனிகளிலிருந்து கோடீஸ்வரர்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கோரமங்களாவிலேயே எஸ்.டி. பெட் லேஅவுட் என்று ஒரு பகுதி இருக்கிறது. சுருக்கத்தை விரித்தால் சீனிவாகிலு டேங்க் பெட். ஏரிப் படுகை என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் சுருக்கிப் படித்துவிட்டு, மழை வந்ததும் தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்கிறோம். தண்ணீருக்கு எத்தனை கோடிக்கு வீடு விற்றது என்பதெல்லாம் தெரியாது.

ஆக, தண்ணீர்க் கணக்கில் கோரமங்களாவுக்கும் நமக்கும் சமன். தூரத்து வில்லாவுக்குத்தான் மைனஸ்.

4. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி

நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான் என்பார்கள். பள்ளிக்கூடம் அங்கே இருந்தால் என்ன, பொண்ணு நடந்து போகிற தூரம்தானே? ஆஸ்பத்திரி விஷயத்தில் அடுகோடிக்கு ஈடு இந்த ஊரில் குறைவு. ஒரு பக்கம் நிம்ஹான்ஸ், கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை, இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை. இன்னொரு பக்கம் செயின்ட் ஜான்ஸ். பன்னேர்கட்டா ரோட்டில் இதயத்துக்கு ஜெயதேவா. ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது வைத்தியத்துக்கு வந்தால் மெத்தை நம் வீட்டில்தான் போட வேண்டியிருக்கும். அது வரமா சாபமா என்பது தங்கமணியிடம் கேட்க வேண்டிய கேள்வி :-)

5. வேலைக்குப் பக்கம்

கோரமங்களா பெயர் வாங்கியதே இதில்தான். ஃப்ளிப்கார்ட் 2007-ல் அங்கே ஒரு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில்தான் ஆரம்பித்தது. அப்புறம் ஸ்டார்ட்டப் என்றாலே கோரமங்களா என்றாகிவிட்டது. ஆனால் ஆபீஸுக்குப் பக்கம் வீடு என்று மாறிப் போனவர்கள் யாரைக் கேட்டாலும், ரெண்டு வருடத்தில் கம்பெனி மாறி, புது ஆபீஸ் ஊரின் மறு கோடியில் இருக்கும். வேலை மாறிக்கொண்டே இருக்கிற தொழிலில், எல்லாப் பக்கமும் பஸ் போகிற இடத்தில் இருப்பதுதான் புத்தி. சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். நம்மூர் அரசுப் பேருந்து அங்கேதான் நிற்கிறது. மடிவாளாவில் ஆம்னி பஸ். கோரமங்களாக்காரர்களோ 2017-ல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலத்தின் தூண்களை வருடக்கணக்காகச் சுற்றி வண்டி ஓட்டியவர்கள். ரெண்டரை கிலோமீட்டர் பாலம். தூண் மட்டும் நின்ற அந்தக் காலத்தில் அதன்மேல் செடி முளைத்தது.

6. பாதுகாப்பு

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. தங்கமணி சொல்கிற காரணங்களில் எனக்குப் பதில் இல்லாதது இதுதான். "நீங்க காலையில போனா ராத்திரிதான் வர்றீங்க. ட்யூஷன் முடிஞ்சு அவ ஏழரை மணிக்கு அந்த விளக்கில்லாத சந்துல வர்றதை நீங்க பார்த்ததில்ல" என்றார். திறந்த சாக்கடை, அதன்மேல் பாதி உடைந்த கல், அதன்மேல் நிறுத்திய பைக். பெண் பிள்ளை நடுரோட்டில்தான் நடக்க வேண்டும். அடுகோடியைப் பற்றி நான் எவ்வளவு பெருமை பேசினாலும் இதை மறைக்க முடியாது.

தமிழனுக்கு வேறொரு பயமும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவு எண் வண்டிகளும் பஸ்களும் எரிந்தன. அன்றைக்கு கேட்டும் செக்யூரிட்டியும் இருக்கிற இடத்தில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் எத்தனை நாளைக்கு ஒரு கேட்டை நம்பி வாழ முடியும்? எனக்குத் தெரிந்த பாதுகாப்பு, தெருவில் நாலு பேருக்கு நம் முகம் தெரிவது. என் பொண்ணு கன்னடம் பேசுவது பள்ளிக்கூடத்தில் படித்ததால் இல்லை. மளிகைக் கடையிலும், பால் பூத்திலும், எதிர்வீட்டு அஜ்ஜியிடமும் பேசிப் பேசி வந்தது. "ஊட்ட ஆய்தா?" என்று அஜ்ஜி கேட்டால், சாப்பிட்ட கதையைப் பத்து நிமிடம் கன்னடத்தில் சொல்கிறாள். அபார்ட்மெண்டில் பத்து வருடம் இருந்தும் இங்கிலீஷையும் இந்தியையும் வைத்தே ஓட்டிவிட்ட நண்பர்கள் எனக்கு நிறைய. ஒரு ஊரில் பயமில்லாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த ஊரின் பாஷை வாயில் இருக்க வேண்டும். அது அடுகோடியில் இலவசமாகக் கிடைக்கிறது.

7. "நம்மை மாதிரி ஆட்கள்"

யாரும் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். "க்ரவுடு நல்லா இருக்கும்" என்பார்கள். மற்ற ஆறு காரணங்களும் தீர்ந்த பிறகும் மிஞ்சி நிற்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் மாடியில் ஒரு அக்கா குடியிருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கம். கோரமங்களாவில் மூன்று வீடுகளில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு முதல் வீடு. "நான் லீவு போட்டா மூணு வீட்லயும் யாரும் ஆபீஸ் போக மாட்டாங்க தம்பி" என்று சிரிப்பார். வேடிக்கைப் பேச்சு இல்லை, கணக்கு அதுதான். அந்த வீடுகளின் நல்ல வாழ்க்கை இந்த அக்கா அரை மணி நேரத்தில் நடந்து போய்விட முடியும் என்பதில் நிற்கிறது. அடுகோடி, ராஜேந்திர நகர், எல்.ஆர். நகர், ஈஜிபுரா இவை இல்லாமல் கோரமங்களா ஒரு வாரம் ஓடாது.

ஆனால் அந்த ஆட்கள் பக்கத்தில் குடியிருப்பது மட்டும் பிடிக்காது. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் நலிந்த பிரிவினர் குடியிருப்பு இருந்த மாநகராட்சி நிலத்திலிருந்து சுமார் 1,500 குடும்பங்களை ஜே.சி.பி. வைத்துக் கிளப்பினார்கள். வீட்டு வேலை செய்பவர்கள், டிரைவர்கள், துப்புரவுப் பணியாளர்கள். நிறையத் தமிழ்க் குடும்பங்கள், நிறைய தலித் குடும்பங்கள். அந்த இடத்தில் ஒரு மால் வருவதாகத் திட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் ரோட்டோரம் பாயை விரித்துப் படுத்தார்கள். உதவிக்கு ஓடி வந்தவர்களில் கோரமங்களாவாசிகளும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தச் சமையலறைகளுக்குப் பாத்திரம் கழுவ வருகிறவர்களை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் "இப்பல்லாம் வேலைக்கு ஆளே கிடைக்கிறதில்லை" என்று புலம்புவதை என்னவென்று சொல்ல?

இனி அந்த ஒரு காரணம்

மேலே உள்ள பட்டியலை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். அகல ரோடு, பூங்கா, மூடிய சாக்கடை, தெருவிளக்கு, ஒழுங்கான பத்திரம், குழாய்த் தண்ணீர். இவற்றில் எது பணக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து போட்டது? எல்லாமே அரசாங்கம் போட்டது. அதை ஒரு இடத்தில் முழுசாகப் போட்டார்கள், அங்கே விலை ஏறியது. விலை ஏறிய பிறகு நாம் அதைக் கோரமங்களாவின் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே குடிபோவதற்கான காரணங்கள் என்று சொல்லப்படுபவை எல்லாம், சரியாகப் பார்த்தால், அடுகோடிக்கு வர வேண்டியவற்றின் பட்டியல்.

அப்புறம் ஏன் வரவில்லை? கேட்கிற ஆட்கள் இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய புத்தகத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு இடம் சரியில்லை என்றால் மனிதனுக்கு ரெண்டு வழி. வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், குரல் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள். அடுகோடியில் பி.இ. முடித்தவன் முதல் இன்கிரிமெண்ட் வந்ததும் கிளம்பிவிடுகிறான். மிச்சமிருப்பவர்களுக்கு அதிகாரியிடம் மனு எழுத நேரம் இல்லை, நேரம் இருந்தால் ஒரு நாள் கூலி போகும்.

கோரமங்களாவில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, அதில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், ஒரு ஈமெயில் தட்டினால் பேப்பரில் வரும். 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்து, பல வருடங்கள் இந்த ஊருக்குக் கவுன்சிலரே இல்லை. 2025-ல் பெரிய மாநகராட்சியைக் கலைத்து ஐந்தாகப் பிரித்தார்கள். இத்தனைக்கும் நடுவில் கோரமங்களா கஷ்டப்பட்டாலும் சமாளித்தது. அடுகோடி மாதிரி இடத்துக்குத்தான் கவுன்சிலர் இல்லாதது வலிக்கும். இங்கே விளக்கு எரியவில்லை என்றால் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

அதனால் நான் இங்கேயே இருக்க நினைப்பதற்கு ஒரே காரணம் இதுதான்: இங்கே நான் ஒருத்தன் கூடுதலாக இருந்தால் ஒரு மனு கூடுதலாகப் போகும். அங்கே போனால் ஏற்கெனவே இருக்கிற நூறு ஈமெயிலோடு நூற்றி ஒன்று. ஏழைகளோடு இருந்து தியாகம் செய்கிறேன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எனக்கும் மூடிய சாக்கடை பிடிக்கும். மனு எழுதுவது என் பொண்ணு ஏழரை மணிக்கு நடந்து வருகிற சந்துக்காகத்தான். அந்த விளக்கு எரிந்தால் மாடி அக்காவுக்கும் ஆறரை மணி இருட்டில் உபயோகம். அவ்வளவுதான்.

தங்கமணியிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "மனு எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல. எத்தனை நாள்ல விளக்கு எரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹிர்ஷ்மன் அதற்குத் தேதி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். வருகிற மார்ச் வரை. தெருவில் பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அஜ்ஜி கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார், பொண்ணு டைப் செய்தாள், சம்பந்தப்பட்டவர்களிடம் கொடுத்துவிட்டு வரிசை எண் வாங்கி வைத்திருக்கிறேன். மார்ச்சுக்குள் அந்தச் சந்தில் நாலு விளக்கு எரிந்து சாக்கடைக்கு மூடி வந்தால் பத்தாம் வகுப்பு இங்கேயேதான்.

வராவிட்டால் அடுத்த பதிவை 560034-லிருந்து எழுதுவேன். அப்போது அங்கே போனதற்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கும். அது அந்த ஏழில் முதலாவதோ ஆறாவதோ ஆக இருக்கலாம். ஏழாவதாக மட்டும் இருக்காது.